சிவப்புக் காரும் ஒரு செம்புத் தீர்த்தமும்

இன்றோடு எனக்கு ஓய்வு. சிரிக்காதீர்கள். முப்பது வயது ஆகாதவன் ஓய்வு பெறக்கூடாது என்று பதுளையில் சட்டம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தும் நான் பாதியிலேயே ஓய்வு பெற்றவன்தான். ஆகவே எனக்கு இது பழகிப்போன காரியம்.

நாளைக் காலையிலிருந்து இந்தப் பெட்ரோல் ஷெட்டில் பம்ப் பிடிக்கப்போகிறவர்கள் நீங்கள். மெனேஜர் நேற்று என்னைக் கூப்பிட்டு, "போறதுக்கு முன்னுக்கு புதுப் பிள்ளைங்களுக்கு நாலு நல்ல விஷயம் சொல்லிட்டுப் போடா சேகர்" என்றார்.

"நாலு தெரியாது சார். ஒன்னுதான் தெரியும்."

"ஒன்னாவது தெரியுதே" என்றார்.

பம்பை எப்படிப் பிடிப்பது, மீட்டரை எப்படிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது, முறைக்கிற ஆளைப் பார்த்து எப்படிச் சிரிப்பது எல்லாம் அரை நாளில் வந்துவிடும். மெனேஜர் சொல்லித் தருவார், திட்டிக்கொண்டே. நான் சொல்லப்போவது ஒரு சிவப்புக் காருக்கு எந்தப் பெட்ரோல் போடுவது என்று ஊரே கூடி நின்று சண்டை பிடித்த கதை.

நம்மிடம் இருப்பது இரண்டு வகைப் பெட்ரோல். ஒக்டேன் 92, ஒக்டேன் 95. நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, வரிசையில் ஊரே தூங்கி விழித்த காலத்தில் எந்த வகை என்று ஒருவரும் கேட்டதில்லை. பெட்ரோல் வாசம் வந்தால் போதும் என்று போத்தலோடு நின்றார்கள். அந்தப் பழக்கத்தில் இந்த ஊர் 95ஐ மறந்துவிட்டது. பணக்காரர்கள் பந்தாவுக்குப் போடுகிற பெட்ரோல் அது என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தவர் காயத்ரி மிஸ். பஜாரில் பெரிய ஜவுளிக்கடை இருக்கிறதல்லவா, அந்த முதலாளியின் மகள். அவருடைய சித்தப்பா வெளிநாட்டில் குடியேறப் போனபோது, கொழும்பில் வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே இரண்டு சீட். தரையைத் தடவிக்கொண்டு போகிற உயரம். பதுளை ரோட்டில் அது வந்தால், பள்ளத்துக்குள் விழுந்துவிட்டதோ என்று தேட வேண்டும்.

முதல் தடவை வந்து, "95 போடுங்க" என்றார்.

"ஏன் மிஸ், செவப்பு கலருக்கு 95தான் மேட்ச்சா?"

அவர் கோபப்படவில்லை. இறங்கி வந்து, பெட்ரோல் டேங்கின் வெளி மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர்.

"வாசிங்க பாப்பம்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். 95க்குக் குறைவாகப் போடாதே என்று இருந்தது.

"இப்ப நீங்க எந்த வகுப்பு பாஸ்?" என்று கேட்டார்.

"இப்பத்தான் மிஸ், இந்த மூடி வகுப்பு."

அன்றிலிருந்து சிவப்புக் கார் வந்தால் வேறு யாரும் பம்பைத் தொட முடியாது. நான்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டத்து ரோட்டில் மலையேறும் கார் ரேஸ் வைத்தார்கள். ஒவ்வொரு காராக ஏற வேண்டும், ஏறுகிற நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். காயத்ரி மிஸ் பேர் கொடுத்துவிட்டார். வீட்டில் பெரிய பூகம்பம். ஜவுளிக்கடை முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் மகள் ஹெல்மெட் போட்டுக் கார் ஓட்டுவதை ஊர் பார்க்கும் என்பதில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கடைசியில் ஒரு முடிவு சொன்னாராம்: "இந்த ஒரு ரேஸ் ஓட்டிக்க. காரு பாதி மலையில நின்னுச்சுன்னா, திங்கக்கெழமை கொழும்பு ஆளு வந்து கொண்டு போயிருவான். அதுக்கப்புறம் காருங்கிற பேச்சே வீட்டுல வரக்கூடாது."

கொழும்பில் வாங்குகிற ஆளையே பேசி வைத்துவிட்டார்.

ரேஸ் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில், மகள் சிவப்புக் காரிலும் அப்பா பின்னால் தன்னுடைய பெட்ரோல் வேனிலும் ஷெட்டுக்கு வந்தார்கள். அந்த வேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்றம் கண்டால் இருமும். எத்தனையோ மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று, இருமல் நிற்கவில்லை. நம்ம ஷெட் பெட்ரோல்தான் காரணம் என்று முதலாளி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வந்து நின்ற நேரம் எனக்குக் கெட்ட நேரம். இரவெல்லாம் மழை. அந்த மழையோடு மழையாக விடியற்காலையில் பவுசர் லாரி வந்து, நிலத்துக்குள் இருக்கும் 95 டேங்கில் பெட்ரோல் இறக்கிவிட்டுப் போயிருந்தது. டேங்க் மூடியைத் திறந்து வைத்த நேரத்தில் ஷெட் முற்றத்தில் ஓடிய வெள்ளமும் உள்ளே இறங்கிவிட்டது. டேங்கின் ஆழம் பார்க்கிற நீளக் கோலின் நுனியில் ஒரு பேஸ்ட் பூசி உள்ளே விடுவோம். பெட்ரோல் பட்டால் அது அப்படியே இருக்கும். தண்ணீர் பட்டால் சிவக்கும். நான் கோலை வெளியே எடுத்தபோது இரண்டு விரல் உயரத்துக்குச் சிவந்திருந்தது, வெற்றிலை போட்ட வாய் மாதிரி.

மெனேஜரிடம் காட்டினேன்.

"தண்ணி அடியிலதானடா கெடக்கும். உறிஞ்சுற குழாய் அதுக்கு மேலதான இருக்கு. ஜவுளிக்கடை ஐயா நிக்கிறாரு. போடு" என்று காதோடு சொன்னார்.

அவர் சொன்னது தப்பில்லை. மற்ற நாளில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பவுசர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"இப்பத்தான சார் கொட்டுனாங்க. அகப்பைய போட்டு கிண்டுன மாதிரி கெடக்கும். அடியில இருக்க வேண்டியது மேலயும் இருக்கும்."

"அவருகிட்ட 95 இல்லன்னு சொன்னீன்னா, உனக்கு வேலையும் இல்ல."

யோசித்துப் பாருங்கள். போட்டுவிட்டால் என் வேலை தப்பும். பாதி மலையில் கார் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது, எதனால் நின்றது என்று? மலையைச் சொல்வார்கள், பெண் பிள்ளை ஓட்டியதைச் சொல்வார்கள். சேகரைச் சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கார் பக்கம் போனேன். "95 இருக்கு மொதலாளி. ஆனா குடுக்க மாட்டேன்."

முதலாளி வேனிலிருந்து இறங்கியே விட்டார். "என்னடா பேச்சு இது? இருக்குங்கிற, குடுக்க மாட்டேங்கிற. நான் என் கடையில இப்பிடி சேல வச்சிக்கிட்டு இல்லன்னு சொன்னா எவன்டா வருவான்?"

"சாயம் போற சேலைய உங்க மகளுக்கு கட்டி விடுவீங்களா?"

"எங்க கடையில சாயம் போற சேலையே கெடையாது!"

"அதேதான் மொதலாளி. இங்கயும் இன்னைக்கு அப்பிடித்தான்."

கோலைக் கொண்டுவந்து சிவப்பைக் காட்டினேன். காயத்ரி மிஸ்ஸின் முகம் செத்துவிட்டது. காரில் பெட்ரோல் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதலாளிக்கோ நிம்மதி, 95 தொல்லை விட்டது என்று.

"அப்ப 92 போடு. மலைக்கு 92 போதும். எத்தன வருஷமா நான் மலையேறுறேன்?"

"அப்பா, இந்தக் காருக்கு 92 ஆகாது."

"மேல போகப்போக காத்து கொறையும்மா. காத்து கொறஞ்சா லேசான பெட்ரோலே போதும். அந்தக் காலத்து டிரைவருங்க அத்தன பேரும் சொல்லுவாங்க."

இதிலும் தப்பில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டில் காற்று மெலிவதால் சாதாரண என்ஜினுக்கு மூச்சு குறைகிறது, அது அடங்கி வேலை செய்கிறது, 92 மட்டுமே போதும். ஆனால் சிவப்புக் காருக்குள் டர்போ இருக்கிறது.

"மொதலாளி, வீட்டுல அடுப்பு எரியலன்னா என்ன செய்வாங்க?"

"ஊதாங்குழல வச்சு ஊதுவாங்க."

"உங்க வேனுக்கு ஊதாங்குழல் இல்ல. கெடச்ச காத்துல எரியும். இதுக்குள்ள ஒரு ஊதாங்குழல் இருக்கு. மேல காத்து கொறஞ்சாலும் இது தம் கட்டி ஊதி உள்ள தள்ளிக்கும். அம்புட்டு ஊதுனா 92 தாங்காது, கண்ட நேரத்துல வெடிக்கும். என்ஜின் போயிரும்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினார்.

"அப்ப என்னதான்டா செய்யச் சொல்ற?"

"பண்டாரவளைக்குப் போவோம். அங்க டூரிஸ்ட்டுக் காருங்க, பெரிய பைக்குங்க எல்லாம் 95தான் போடுது. டேங்குல பெட்ரோல் பழசாக நேரமே கெடையாது. நாளைக்கு ரேஸ் ஓட்டுறவங்களும் அங்கதான் போடுவாங்க."

"காருல அதுவரைக்கும் போக பெட்ரோல் இல்லையே" என்றார் மிஸ்.

"கொஞ்சமா 92 போடுறேன். அங்க போய்ச் சேர மட்டும். ஆனா மிஸ், ஊதாங்குழல் ஊதாம ஓட்டணும். பொணம் கொண்டு போற வண்டி மாதிரி."

"நல்ல காரியத்துக்குப் போகயில என்ன வார்த்தடா பேசுற!" என்று முதலாளி வாயில் கை வைத்தார்.

மெனேஜர் தலையில் கை வைத்திருந்தார். "நீயும் கூடவே போய்த் தொல. வழியில நின்னா நீயே தள்ளு" என்றார். நான் அதற்குள் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விட்டால் பதிலும் வராது.

ஸ்போர்ட்ஸ் காரில் போகிற பாக்கியம் எனக்குக் கிடைத்ததே அந்த ஒரு நாள்தான். அன்றைக்கென்று நாங்கள் போனது ஒரு கொழுந்து லாரிக்குப் பின்னால். சாக்குச் சாக்காகத் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபக்டரிக்குப் போகிற லாரி. ஹாலிஎல தாண்டியதிலிருந்து அதன் புகையைத்தான் பார்த்துக்கொண்டு போனோம். த்ரீவீலர்கள் எங்களை முந்திப் போயின. ஒரு த்ரீவீலர்காரன் பக்கத்தில் வந்து தலையை வெளியே நீட்டி, "மிஸ், தள்ளி விடவா?" என்று கேட்டுவிட்டு ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

காயத்ரி மிஸ் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே ஓட்டினார். தெமோதரை ஏற்றத்தில் பொறுக்க முடியாமல் ஒரு மிதி மிதித்துவிட்டார். உடனே என்ஜினுக்குள் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், தகர டப்பாவுக்குள் கல் போட்டுக் குலுக்கினது மாதிரி.

"காலெடுங்க மிஸ்! காலெடுங்க!"

எடுத்தார். சத்தம் நின்றது.

"இதத்தான் சொன்னீங்களா?"

"இதேதான். நாளைக்கு மலையில இது கேட்டிருந்தா திங்கக்கெழம கொழும்புதான்."

அதற்குப் பிறகு சைக்கிள்காரன் முந்தினாலும் அவர் காலை அழுத்தவில்லை. பின்னால் அப்பாவின் வேன் இருமிக்கொண்டே வந்தது. எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து ரோட்டோரத்தில் மரக்கறி விற்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

பண்டாரவளை ஷெட்டில் என்னுடைய பழைய கூட்டாளி ஒருவன் பம்ப் பிடிக்கிறான். என்னைக் கண்டதும் ஆரம்பித்தான்: "என்னடா, பதுளையில பெட்ரோல் தீந்து போச்சா? பிச்ச எடுக்க வந்துட்ட?"

"பிச்சையும் பாத்துத்தான் எடுப்பேன். பவுசர் எப்ப வந்துச்சு?"

"முந்தா நாளு."

"அதுக்கப்புறம் 95 ஓடுச்சா?"

"காலையிலருந்து பைக்குக்காரனுங்க வரிசையில நிக்கிறானுங்க. கண்ணு தெரியலையா?"

தெரிந்தது. இருந்தாலும் வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். இல்லை. கூட்டாளி முறைத்தான். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குற."

"பொண்ணு பாத்தா இம்புட்டு நேரம் பாக்க மாட்டேன்டா."

கார் பாரம் இல்லாமல் ஏறவேண்டும் என்பதால் மிஸ் டேங்கை நிரப்பவில்லை. மலையேறி இறங்க வேண்டிய அளவோடு நிறுத்தச் சொன்னார். இதை நினைவில் வைத்திருங்கள். டேங்கில் கொஞ்சமாகத்தான் பெட்ரோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பனி விலகாத காலை. தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து சனம் எல்லாம் வந்து ரோட்டுக்கு மேலே தேயிலை மேட்டில் உட்கார்ந்திருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு போயின. பதுளைக்காரி ஒருத்தி ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும், கொழுந்து பறிக்கிற அக்காமார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு நெஞ்சு நிறைய நிம்மதி. எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் அப்படி நினைக்கிற நேரம்தான் திரும்பிப் பார்க்க வேண்டிய நேரம்.

ஜவுளிக்கடை முதலாளி பட்டு வேட்டியோடு வந்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காய் உடைத்தார். சூடம் காட்ட வேண்டும் என்றார், ரேஸ்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்கள். ஒலிபெருக்கியில் மிஸ்ஸின் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு நேராகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், முதலாளி பின்பக்கம் நிற்கிறார். ஒரு கையில் அம்மன் கோயில் தீர்த்தச் செம்பு. மறு கையில் கரண்டி. பெட்ரோல் டேங்க் மூடி திறந்து கிடக்கிறது.

பாய்ந்துபோய் உள்ளங்கையால் டேங்க் வாயைப் பொத்தினேன்.

"என்ன மொதலாளி செய்றீங்க?"

"கைய எடுடா. ஒரு கரண்டி தீர்த்தம். நம்ம வண்டிங்க எல்லாத்துக்கும் ஊத்துறதுதான். ஆத்தா உள்ள இருந்து காப்பாத்துவா."

நிறைந்த டேங்கில் ஒரு கரண்டி என்றால் எங்கேயாவது அடியில் கிடந்துவிடும். இது அடி தெரிகிற டேங்க். வளைவில் கார் சரிந்தால் நேரே என்ஜினுக்குத்தான் போகும். பண்டாரவளை வரைக்கும் பொணவண்டி ஓட்டியது இந்த ஒரு கரண்டிக்காகவா!

மேலே சனம் பார்க்கிறது. இரண்டாவது தடவை நம்பரைக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டும் போகாவிட்டால் ஓட விடமாட்டார்கள். தண்ணீர் என்று கத்தினால் தீர்த்தத்தைத் தண்ணீர் என்றவன் ஆவேன், அவருக்கு வீம்பு ஏறும், ஊற்றியே தீருவார். நேற்று மாதிரி கோலைக் கொண்டுவந்து காட்டவும் முடியாது.

"மொதலாளி, ஒன்னு கேக்குறேன். காரு தானா ஓடுமா?"

"மக ஓட்டுவா."

"அப்ப காப்பாத்த வேண்டியது யார? ஆத்தா காருக்குள்ள இருக்கிறத விட, மிஸ்ஸுக்குள்ள இருந்தா நல்லதில்லையா?"

அவர் கரண்டியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய், கதவைத் திறந்து, "கையக் காட்டும்மா" என்றார். மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். மிச்சத்தை முதலாளி மகள் தலையில் தெளித்தார். ரேஸுக்குப் பேர் கொடுத்த நாளிலிருந்து அப்பா தன்னைத் தொட்டது அப்போதுதான் என்று மிஸ் பிறகு சொன்னார். அந்த நேரத்தில் நான் சத்தமில்லாமல் மூடியைப் பூட்டிவிட்டேன்.

கார் நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு பாய்ந்தது.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு. பிறகு பனிக்குள் போய்விட்டது. சத்தம் மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த டிக் டிக்கைத் தேடினேன். இல்லை. இருமலைத் தேடினேன். இல்லை. ஊதாங்குழல் ஊதுகிறது, நெருப்பு எரிகிறது, அவ்வளவுதான். முதலாளி வெறும் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

சத்தம் நின்றது. என் உயிரும் நின்றது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். போய்ச் சேர்ந்தது மட்டுமா, அந்த வகைக் கார்களில் அன்றைக்கு ஓடிய எல்லாரையும் விட வேகம். தேயிலை மேட்டில் கொழுந்து அக்காமார் போட்ட குலவைச் சத்தம் பண்டாரவளைச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலாளி போனை எடுத்தார். கொழும்புக்காரனுக்குத்தான். "தம்பி, காரு விக்கிறதுக்கு இல்ல. ஏனா? எம்மக ஓட்டுறா" என்று சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"டேய் சேகர். அப்ப என் வேன் ஏத்தத்துல இருமுறது..."

"இதுவரைக்கும் எத்தன கரண்டி மொதலாளி?"

"ஆடி வெள்ளிக்கு ஆடி வெள்ளி ஊத்துவேன்டா. தைப்பூசத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். ரோட்டில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார், பட்டு வேட்டியோடு.

என் வேலை போகவில்லை. திங்கட்கிழமை மெனேஜர் என்னைக் கண்டதும், "95 டேங்க சுத்தம் பண்ணியாச்சு, வந்து கோலை விட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். நீங்கள் இதைவிட அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது ஏன் போகிறேன் என்று கேட்கிறீர்கள். காயத்ரி மிஸ் பண்டாரவளை ரோட்டில் ஒரு கராஜ் திறக்கிறார். இடம் முதலாளி கொடுத்தது. ரேஸ் ஓட்டுகிறவர்களின் கார்களுக்கு வேலை செய்யப்போகிறோம். என் வேலை பெட்ரோல் பார்ப்பது. போன வாரம் முதல் வண்டியாக அந்த வேனைக் கொண்டுவந்து, டேங்கைக் கழற்றி ஒரு தட்டத்தில் கவிழ்த்தோம். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. அதற்குள் ஒரு வேப்பிலைக் காம்பு. முதலாளி அதை எடுத்து, பெட்ரோல் நாற்றத்தோடு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேன் இப்போது இருமுவதில்லை. நாளைக் காலை முதல் ஆளாக இங்கே வரும். 92 போடுங்கள், அதற்கு அது போதும். ஆனால் பம்பைத் தூக்குவதற்கு முன்னால் முதலாளியின் கையைப் பாருங்கள். ஆடி மாதம் பிறந்துவிட்டது.